குதிரை விலை

அத்-பாஷியில் பனிக்காலம் பாதி தாண்டுவதற்குள்
ஒன்பது குதிரைகளுக்குச் சினை கலைந்துவிட்டது.
சாதிர்குலின் சாம்பல் நிறக் குதிரை மட்டும் தாங்கியிருந்தது.
தோள்வரை கையை விட்டுப் பார்த்தேன்,
குட்டி உதைத்தது.

காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.
முப்பத்தொரு வருடத்துக்கு முன்பே
அதை யாரோ எழுதி வைத்திருந்தார்கள்.
திரையில் தலைப்பு தெரிந்தது,
ஆறு வரிச் சுருக்கம் தெரிந்தது.
சிகிச்சை விவரம் உள்ளே.
உள்ளே போக நாற்பத்திரண்டு டாலர்.
இருபத்துநான்கு மணி நேரம் வாசிக்கலாம்,
அச்செடுக்கக் கூடாது.

யானை விலை என்று சொல்லமாட்டேன்,
இங்கே யானை கிடையாது.
எங்களுடையது ஆட்டுக்கணக்கு.
ஒரு கட்டுரைக்கு
ஆட்டின் பின்தொடை இரண்டும் போகும்.
அது மேற்கோள் காட்டும் பதினேழையும் சேர்த்தால்
சிறு மந்தை ஒன்று.

சங்கத்தில் உறுப்பினரானால் எல்லாம் இலவசம்.
நானும் இருந்தேன், நான்கு வருடம்.
ஏழை நாடுகளின் பட்டியலில் எங்கள் பெயர் இருந்தவரை
வருடத்துக்கு இருபது டாலர்தான்.
கனமான தாளில் சான்றிதழ் வந்தது,
தடுப்பூசி வைக்கும் ஃபிரிட்ஜுக்கு மேலே தொங்குகிறது.
பிறகு ஒரு கடிதம்:
"அன்புள்ள டாக்டர் புருல்கான்,
மகிழ்ச்சியான செய்தி.
உங்கள் நாடு அடுத்த வருமானப் பிரிவுக்கு உயர்ந்துள்ளது.
இனி சந்தா இருநூற்று அறுபது."

நாடு உயர்ந்த செய்தி
என் சம்பளக் கவருக்கு இன்னும் வந்துசேரவில்லை.
ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன்,
மலைகூட அதே உயரத்தில்தான் நின்றது.

பின்வாசல் ஒன்று இருக்கிறது அம்மா
என்று பிஷ்கெக்கிலிருந்து மகன் சொன்னான்.
அன்றைக்கு அதுவும் பூட்டிக் கிடந்தது.

எழுதியவரின் பெயர் ஸ்டெய்ன்வோர்.
ஊர் ஐஸ்லாந்தில் எங்கோ.
பல்கலைக்கழக முகவரிக்கு அனுப்பியது திரும்பி வந்தது.
பக்கத்துக் குதிரைப் பண்ணைக்கு எழுதினேன்,
அகராதியைப் புரட்டி, மூன்று வரி.
அடுப்புக்கு நெருப்புக் கேட்கவே கூசுகிற வீட்டில் பிறந்தவள்.
அனுப்பிவிட்டுக் கொஞ்ச நேரம்
வெறும் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பண்ணையில் யாரோ கைமாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.
பதில் வர ஆறு நாள் ஆனது.
அதற்குள் இன்னும் மூன்று குதிரைகள்.

"ஓய்வு பெற்றதும் என் கணக்கை மூடிவிட்டார்கள்.
என் கட்டுரையை நானே திறக்க முடியவில்லை.
என்னிடமும் நாற்பத்திரண்டு கேட்கிறது.
அட்டைப்பெட்டியில் பிழைதிருத்தின படி கிடைத்தது,
சமையலறை மேஜையில் வைத்துப் படமெடுத்தேன்.
எட்டாம் பக்கத்தில் பென்சிலைப் பாருங்கள்."

எட்டாம் பக்கத்தில் பாதியை
விளக்கு வெளிச்சம் தின்றிருந்தது.
மீதியில் மருந்தின் அளவு.
தசமப் புள்ளியை ஒரு இலக்கம் தள்ளிப் போட்டு,
ஓரத்தில் சின்ன எழுத்தில்:
சொன்னேன். அச்சில் மாற்றவில்லை.

அப்படியென்றால்
நாற்பத்திரண்டு கொடுத்தவர்கள் எதை வாங்கினார்கள்?
அதை உட்கார்ந்து யோசிக்க
அப்போது நேரமில்லை.

ஒவ்வொரு படத்தின் மூலையிலும்
தாள் சுருளாமல் அழுத்திப் பிடித்த கட்டைவிரல்.
நகத்தைச் சதையோடு ஒட்ட வெட்டியிருந்தார்.
ஒரு படத்தில் மணிக்கட்டும் விழுந்திருந்தது,
அதில் அரைவட்டமாகப் பழைய பல் தடம்.
குதிரைப் பல்.
எனக்கு இடது கையில்.

சாதிர்குலை எழுப்பினேன்.
அவர் டார்ச்சைப் பிடிக்க
ஊசியில் மருந்தை ஏற்றினேன்.
புள்ளி எங்கே என்று இரண்டு முறை பார்த்தேன்,
மூன்றாம் முறையும்.
போன் ஒருதரம் அதிர்ந்தது:
சந்தா புதுப்பிக்க இறுதி நினைவூட்டல்.

குதிரை என் கழுத்தில் மூச்சு விட்டது.
உள்ளே உதைக்கிறதா என்று
இன்னும் கை வைத்துப் பார்க்கவில்லை.